டிஎஸ்சி நம்பத்தகாதது என்று கர்னல் சொன்னால், எந்தக் கடிகாரத்தைச் சந்தேகிப்பது?

லினக்ஸ் சர்வர் ஒன்றின் டிமெசேஜில், அதாவது கர்னலின் செய்திப் பதிவில், இரண்டு வரிகள் வந்து விழுகின்றன. டிஎஸ்சியின் (சிபியுவுக்குள் இருக்கும் நேர எண்ணியின்) பிசகு எல்லை மீறிவிட்டது, அதை நிலையற்றது என்று குறித்தாயிற்று என்கிறது முதல் வரி. கிளாக்சோர்ஸ், அதாவது கர்னல் நேரம் பார்க்கும் கடிகாரம், சிப்செட்டில் இருக்கும் எச்பெட் என்ற டைமருக்கு மாறியது என்கிறது அடுத்தது. அந்த நிமிடத்திலிருந்து டேட்டாபேஸ் மந்தமாகிறது, டாப் கட்டளை காட்டும் சிஸ்டம் நேரம் (கர்னலுக்குள் செலவாகும் நேரம்) ஏறுகிறது. டிஸ்க்கிலோ நெட்வொர்க்கிலோ குறை எதுவும் தெரியாது. இணையத்தில் தேடினால் கிடைக்கும் வைத்தியம் ஒரே வரிதான்: பூட் வரியில் "டிஎஸ்சி=ரிலையபிள்" சேர்த்துவிடு. சேர்த்தால் மந்தம் போய்விடும். பிழை போயிற்றா என்பது வேறு விஷயம்.

இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. அந்தச் செய்திக்கு அவ்வளவுதான் பொருள். எது தப்பு என்று கர்னல் விசாரிக்கவில்லை, டிஎஸ்சிதான் தப்பு என்று வைத்துக்கொண்டது. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். சில சமயம் முழுத் தலைகீழ்.

போர்டில் உள்ள எண்ணிகள்

கிளாக்சோர்ஸ் என்பது ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணி. படித்தால் ஓர் எண் கிடைக்கும், அவ்வளவுதான். "இன்ன நேரத்தில் என்னை எழுப்பு" என்று அதனிடம் கேட்க முடியாது. அந்த வேலைக்குக் கிளாக்ஈவென்ட் என்று தனி வகை உண்டு. ஒவ்வொரு கோரிலும் இருக்கும் லோக்கல் ஏபிக் டைமர் அந்த வகை. இந்தப் பிரிவினை லினக்ஸுக்கு 2006, 2007-இல்தான் வந்தது. 2.6.18-இல் ஜான் ஸ்டல்ட்ஸின் கிளாக்சோர்ஸ் அமைப்பு நுழைந்தது, 2.6.21-இல் கிளாக்ஈவென்ட்டும் டிக் (சீரான இடைவெளியில் கர்னலை எழுப்பும் துடிப்பு) இல்லாமல் தூங்கும் வசதியும் சேர்ந்தன.

எக்ஸ்86 போர்டில் மூத்தது 8254 என்ற பிஐடி டைமர். அதன் வேகம் 1.193182 மெகாஹெர்ட்ஸ். இந்த விசித்திர எண், 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 12-ஆல் வகுத்தால் வருவது. அந்தப் படிகமோ அமெரிக்கக் கலர் டிவியின் நிற அலைவரிசையைப் போல 4 மடங்கு. முதல் ஐபிஎம் பிசி காலத்தில் மலிவாகக் கிடைத்ததால் உள்ளே வந்தது. அதையே 4-ஆல் வகுத்தால் 3.579545 மெகாஹெர்ட்ஸ்: இது ஏசிபிஐ பிஎம் டைமர். எச்பெட் பல போர்டுகளில் அந்த 14.318 மெகாஹெர்ட்ஸிலேயே ஓடுகிறது. ஆக, சிபியுவுக்கு வெளியே இருக்கும் மூன்றும் ஒரே குடும்பம்.

டிஎஸ்சி சிபியுவுக்கு உள்ளே இருக்கிறது, 64 பிட். 1993-இல் பென்டியத்தோடு வந்தபோது கோரின் துடிப்புகளை அப்படியே எண்ணியது. பிறகு மின்சாரத்தை மிச்சம்பிடிக்க வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிபியுக்கள் வந்தன. எண்ணும் வேகமும் கூடவே மாறி, நேரம் பார்க்க லாயக்கில்லாமல் போனது. ஆழ்ந்த தூக்கத்தில் எண்ணியே நின்றுபோனது இன்னொரு தொல்லை. இன்றைய சிபியுக்களில் இரண்டும் தீர்ந்துவிட்டன. /பிராக்/சிபியுஇன்ஃபோ கோப்பின் கொடிகளில் கான்ஸ்டன்ட்_டிஎஸ்சி, நான்ஸ்டாப்_டிஎஸ்சி இரண்டும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை, கர்னல் சொன்னது சரி. இரண்டும் இருந்தால் மேலே படிக்கலாம்.

எண்ணிக்கை நேரமாவது எப்படி

கர்னல் நேரம் கேட்கப்படும்போதெல்லாம் வகுத்தல் செய்வதில்லை. ஒரு பெருக்கலும் ஒரு பிட் நகர்த்தலும் மட்டுமே:

நானோவிநாடி = (எண்ணிக்கை × பெருக்கி) >> நகர்வு

3 கிகாஹெர்ட்ஸ் டிஎஸ்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு துடிப்பு மூன்றில் ஒரு பங்கு நானோவிநாடி. நகர்வு 8 என்றால் பெருக்கி 256 ÷ 3, அதாவது 85.33. முழு எண்ணாக 85 என்று வைத்தால் 0.39 சதவீதம் குறைவு. நாளொன்றுக்கு 337 விநாடி, ஐந்தரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கும். நகர்வை 24 ஆக்கினால் பெருக்கி 5592405.33. தசமத்தை வெட்டினால் போகும் பிழை நாளுக்கு 5 மில்லிவிநாடி. அந்த மிச்சத்தையும் கர்னல் தனியே கணக்கு வைத்துக்கொண்டு, பெருக்கியை அவ்வப்போது ஒன்று ஏற்றி இறக்கிச் சரிக்கட்டிவிடுகிறது. நெட்வொர்க் வழியாக நேரம் ஒத்துப்பார்க்கும் என்டிபி தரும் வேகத் திருத்தமும் இதே பெருக்கியின் மீதுதான் ஏறுகிறது.

அப்படியானால் நகர்வை இன்னும் பெரிதாக்கினால் என்ன? பெருக்குத்தொகை 64 பிட்டுக்குள் அடங்க வேண்டும். பெருக்கி 5592405 என்றால் 64 பிட் நிரம்ப ஏறத்தாழ 1100 விநாடி, அதாவது 18 நிமிடம். அதற்குள் ஒரு முறையாவது கர்னல் எழுந்து, சேர்ந்த எண்ணிக்கையை நேரக் கணக்கில் ஏற்றிவிட வேண்டும். துல்லியம் கூடக் கூட இந்தக் கெடு குறையும். டிஎஸ்சி போன்ற அகலமான எண்ணிக்கு லினக்ஸ் 600 விநாடியை மனதில் வைத்துப் பெருக்கியையும் நகர்வையும் தேர்ந்தெடுக்கிறது. பூட் செய்தியில் ஒவ்வொரு கிளாக்சோர்ஸுக்கும் மேக்ஸ்_ஐடில்_என்எஸ் என்று ஓர் எண் வருமே, அது இந்தக் கெடுதான், பாதுகாப்புக்காகப் பாதிக்கும் கீழே குறைத்தது. டிஎஸ்சிக்கு 440 விநாடி வாக்கில் காட்டும். எச்பெட்டுக்கு 133 விநாடி. பிஎம் டைமருக்கு வெறும் 2.08 விநாடி, ஏனென்றால் அது 24 பிட் எண்ணி, 4.69 விநாடிக்கு ஒரு முறை நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இந்த 4.69-ஐ நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

எண்ணி நிரம்பித் திரும்பினாலும் கணக்கு கெடாமல் இருப்பதற்குக் காரணம் மாஸ்க். புதிய எண்ணிலிருந்து பழையதைக் கழித்து, எண்ணியின் பிட் அளவுக்கு வெட்டினால் வித்தியாசம் சரியாக வரும். ஆனால் எண்ணி ஒருபோதும் பின்னால் போகாது என்ற நம்பிக்கை இதில் இருக்கிறது. ஆல்வின்னர் ஏ64 சிப்பில் அந்த நம்பிக்கை பொய்த்தது. அதன் ஆர்ம் எண்ணி 24 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. கீழ்ப் பக்கப் பிட்கள் மொத்தமாகப் புரளும் தருணத்தில் படித்தால் எப்போதாவது தவறான எண் கிடைக்கும். கொஞ்சம் பின்னால் போன எண்ணைக் கழித்தால் வருவது எதிர்ம எண். 56 பிட் மாஸ்க்கில் வெட்டியதும் அது பிரம்மாண்டமான நேர்ம எண்ணாகிவிடும். 2-இன் 56-ஆம் அடுக்கை 24 மெகாஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள்: 95 ஆண்டு. அந்தச் சிப் போட்ட போர்டுகளில் தேதி திடீரென்று 95 ஆண்டு முன்னால் தாவியது இதனால்தான். கீழ்ப் பிட்கள் எல்லாம் 0 அல்லது எல்லாம் 1 என்று வந்தால் மறுபடி படி என்பதே கர்னலில் சேர்த்த மாற்று வழி. எக்ஸ்86-இல் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு: வித்தியாசம் எதிர்மமாகத் தெரிந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்.

பிஎம் டைமருக்கும் இப்படி ஒரு பழைய நோய் உண்டு. பிஐஐஎக்ஸ்4 போன்ற சிப்செட்டுகளில் எண்ணி மாறிக்கொண்டிருக்கும்போதே படித்தால் அரைகுறை எண் கிடைக்கும். எனவே கர்னல் மூன்று முறை படித்து, வரிசை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும். ஏற்கெனவே மெதுவான கடிகாரம், அதுவும் மூன்று தடவை.

தரவரிசையும் காவல்காரனும்

ஒவ்வொரு கிளாக்சோர்ஸுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ஜிஃபீஸ் (கர்னலின் டிக் எண்ணிக்கை) 1, பிஐடி 110, பிஎம் டைமர் 200, எச்பெட் 250, டிஎஸ்சி 300. ஆர்ம் எண்ணிக்கு 400. இருப்பவற்றில் மிகுந்த மதிப்பெண் உள்ளதைக் கர்னல் எடுத்துக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே எச்பெட் 950, ஏசிபிஐ-ஃபாஸ்ட் (பிஎம் டைமர்தான்) 900, 8254-க்கு 0. நம்பத்தகாததற்கு எதிர்ம மதிப்பெண் போட்டுவிடுவார்கள், அது தானாக ஒருபோதும் தேர்வாகாது. எனக்கு அந்த ஏற்பாடு இன்னும் தெளிவாகப் படுகிறது.

லினக்ஸில் டிஎஸ்சியோடு "சரிபார்க்கப்பட வேண்டும்" என்ற கொடி ஒட்டியிருக்கிறது. அரை விநாடிக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் அடுத்த சிபியுவில், வாட்ச்டாக் என்ற காவல் நிரல் ஓடும். எச்பெட்டையோ பிஎம் டைமரையோ படிக்கும், டிஎஸ்சியைப் படிக்கும், போன முறைக்கும் இந்த முறைக்கும் இரண்டும் எவ்வளவு நகர்ந்தன என்று ஒப்பிடும். முன்பெல்லாம் 62.5 மில்லிவிநாடி வரை பொறுத்துக்கொண்டது. 5.14 கர்னலில் அந்த வரம்பு மைக்ரோவிநாடிக் கணக்குக்கு இறங்கியது. இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே தாமதம் நுழைந்ததா என்று பார்த்து மறுமுயற்சி செய்யும் ஏற்பாடும் அதையொட்டி வந்தது.

தப்பென்று தீர்ந்தால் டிமெசேஜில் டபிள்யூடி_என்செக், சிஎஸ்_என்செக் என்று இரண்டு எண்கள் வரும். முதலாவது காவல் கடிகாரம் அளந்த நேரம், இரண்டாவது டிஎஸ்சி அளந்தது. "அரை விநாடிக்கு ஒரு தடவைதானே ஓடுகிறது, டிஎஸ்சி 0.5 காட்டுகிறது, எச்பெட் 0.4 காட்டுகிறது, ஆக எச்பெட்தான் தப்பு" என்று சொல்லத் தோன்றும். சொல்லக்கூடாது. அந்த அரை விநாடி டைமரே கர்னல் நேரத்தை, அதாவது டிஎஸ்சியை, வைத்துத்தான் அடிக்கிறது. டிஎஸ்சி எவ்வளவு தப்பாக ஓடினாலும் தன் கணக்கில் 0.5-ஐ ஒட்டியே காட்டும்.

அந்த எண்களில் நிச்சயமாகப் படிக்கக்கூடியது ஒன்று. வித்தியாசம் 4.69 விநாடி அல்லது அதன் மடங்காக இருந்தால் காவலில் இருந்தது பிஎம் டைமர். வாட்ச்டாக் ஓட வேண்டிய நேரத்தில் ஓடாமல் தாமதமாகி, இடையில் எண்ணி ஒரு சுற்று நிரம்பிவிட்டது. எச்பெட் 32 பிட்டாக ஓடும்போது அதே சுற்று 300 விநாடி. சீரியல் கன்சோலில் கர்னல் நிறையச் செய்தி கொட்டினாலோ, வர்ச்சுவல் மெஷினைச் சில விநாடி நிறுத்தி வைத்தாலோ இது நடக்கும். டிஎஸ்சி மேல் குற்றமே இல்லை.

காவல் கடிகாரமே கெட்ட வழக்குக்கு நல்ல உதாரணம் இன்டெல் காஃபி லேக். அந்த வகைச் சிப்புகள் பிசி10 என்ற ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனால் எச்பெட் பிசகிப்போகும். எழுந்து பார்த்தால் எச்பெட்டும் டிஎஸ்சியும் ஒத்துவராது. கர்னல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஎஸ்சியை ஒதுக்கிவிட்டு, பிசகிய எச்பெட்டையே நேரத்துக்கு வைத்துக்கொண்டது. 2019-இல் அந்த வகைச் சிப்புகளில் எச்பெட்டையே முடக்கும் திருத்தம் வந்தது. தேறிய டிஎஸ்சிக்கு வாட்ச்டாக்கே வேண்டாம் என்ற விலக்கு பின்னால் வந்தது: கான்ஸ்டன்ட், நான்ஸ்டாப் கொடிகளோடு டிஎஸ்சி_அட்ஜஸ்ட் பதிவேடும் இருந்து, சாக்கெட் (போர்டில் சிபியு செருகும் இடம்) எண்ணிக்கையும் குறைவாக இருந்தால் போதும். புதிய கர்னல்களில் "டிஎஸ்சி=வாட்ச்டாக்" என்று கொடுத்தால், டிஎஸ்சியை வைத்து எச்பெட்டையும் பிஎம் டைமரையும் சோதிக்கும்.

டிஎஸ்சி உண்மையிலேயே தப்பாக இருந்தால்

பல சாக்கெட் சர்வர்களில் ஒவ்வொரு சாக்கெட்டும் ரீசெட்டிலிருந்து வெளியே வரும் கணம் வேறுபட்டால் டிஎஸ்சிகளுக்குள் நிரந்தர இடைவெளி விழும். இன்னொன்று பயாஸ். எஸ்எம்எம் என்ற மறைவான நிலையில் ஓடும் பயாஸ் நிரல், தான் எடுத்துக்கொண்ட நேரத்தை மறைக்க டிஎஸ்சியைப் பின்னால் தள்ளி எழுதுவது உண்டு. டிஎஸ்சி_அட்ஜஸ்ட் பதிவேடு இருக்கும் சிபியுவில் இது மறையாது: டிஎஸ்சியில் யார் எழுதினாலும் அந்தப் பதிவேட்டில் வித்தியாசம் ஏறிவிடும், கர்னலும் பார்த்து "ஃபர்ம்வேர் பக்" என்று டிமெசேஜில் எழுதும். அந்த வரி இருந்தால் பயாஸைப் புதுப்பியுங்கள். அங்கே "ரிலையபிள்" போடுவது ஆபத்து. ஒரு சிபியுவில் எழுதிய லாக் இன்னொன்றில் எழுதியதற்கு முந்தையதாகத் தெரியும், டைம்அவுட்டுகள் காரணமின்றி அடிக்கும்.

மூன்றாவது, வேகத்தைத் தப்பாக அளப்பது. புதிய இன்டெல் சிபியுக்கள் படிக வேகத்தையும் விகிதத்தையும் சிபியுஐடி மூலம் தாமே சொல்கின்றன. சொல்லாதபோது கர்னல் அட்டவணையிலிருந்து எடுத்தது. இன்டெலின் ஸ்கைலேக் சியான் சிப்புகளுக்குப் படிகம் 25 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதி வைத்திருந்தார்கள். 24 மெகாஹெர்ட்ஸ் படிகம் போட்ட பணிநிலையக் கணினிகளில் கணக்கு 4 சதவீதம் தப்பியது. படிகம் சரியாக இருந்த போர்டுகளிலும், மின்காந்த இரைச்சலைக் குறைக்கும் சுற்று துடிப்பைக் கால் சதவீதம் மெதுவாக்கியதால், 10 நிமிடத்துக்கு ஒரு விநாடிக்கு மேல் நழுவியது. சிபியுஐடி உதவாத இடத்தில் பிஐடியை வைத்து அவசரமாக அளந்து பூட்டைத் தொடங்கி, பின்னணியில் எச்பெட் அல்லது பிஎம் டைமரை வைத்து நிதானமாக மறுபடி அளப்பார்கள். "ரிஃபைன்ட் டிஎஸ்சி" என்று வரும் வரி அந்த இரண்டாவது அளவு. முதல் அளவிலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் விலகினால் அதைக் கர்னல் ஏற்காது.

எப்படிச் சோதிப்பது

சண்டை இரண்டு கடிகாரங்களுக்குள். மூன்றாவது சாட்சி வேண்டும். அது என்டிபி.

/சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/கிளாக்சோர்ஸ்/கிளாக்சோர்ஸ்0 அடைவில் இருப்பவற்றின் பட்டியல் ஒரு கோப்பிலும் இப்போது ஓடுவது இன்னொரு கோப்பிலும் இருக்கும். பெயரை எழுதினால் மறுபூட் இல்லாமலே மாறும். ஆனால் ஒதுக்கப்பட்ட டிஎஸ்சி பட்டியலிலேயே வராது. எனவே சோதனைக்கு மட்டும் "டிஎஸ்சி=ரிலையபிள்" போட்டு பூட் செய்யுங்கள். என்டிபி வழியாக நேரத்தைத் திருத்தும் க்ரோனி சேவையை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அது பிழையைச் சரிசெய்துகொண்டே இருக்கும். க்ரோனிடியைப் பெரிய க்யூ கொடியோடு ஓட்டினால், நேரத்தை மாற்றாமல் வித்தியாசத்தை மட்டும் அச்சிடும். இப்போது ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை. வித்தியாசம் 180 மில்லிவிநாடி நகர்ந்திருந்தால் பத்து லட்சத்துக்கு 50. சாதாரணப் படிகத்துக்கு இது சகஜம், டிஎஸ்சி நிரபராதி. 2 விநாடி நகர்ந்திருந்தால் அளவீடு தப்பு. இடையிலும் சில முறை எடுத்துப் பாருங்கள்: சீராக நகராமல் ஒரே தாவலாகத் தாவியிருந்தால் பயாஸையோ தூக்க நிலையையோ பாருங்கள். பிறகு எச்பெட்டுக்கு மாற்றி இதையே செய்யுங்கள். சும்மா கிடக்கும் கணினியிலும் சுமையோடும் தனித்தனியே அளக்க வேண்டும், ஏனென்றால் தூக்கத்தில் மட்டும் கெடும் கடிகாரம் சுமையில் ஒழுங்காக ஓடும்.

கிளாக்சோர்ஸை மாற்றிய பிறகு க்ரோனியின் பழைய டிரிஃப்ட் கோப்பை அழித்துவிடுங்கள். அது முந்தைய கடிகாரத்தின் பிசகு.

மந்தம் எங்கிருந்து வந்தது

டிஎஸ்சி ஓடும்போது நேரம் கேட்கும் அழைப்பு கர்னலுக்குள் போவதே இல்லை. விடிஎஸ்ஓ என்ற பக்கத்தைக் கர்னல் ஒவ்வொரு நிரலின் நினைவகத்திலும் மாட்டிவைக்கிறது. பெருக்கி, நகர்வு, கடைசி எண்ணிக்கை எல்லாம் அங்கே கிடைக்கும். நிரல் தானே டிஎஸ்சியைப் படித்துப் பெருக்கிக்கொள்கிறது. சில பத்து நானோவிநாடியில் வேலை முடிந்துவிடும். எச்பெட் என்றால் ஒவ்வொரு தடவையும் கர்னலுக்குள் போகும் சிஸ்டம் கால், அதன்பின் சிப்செட் வரை போய்த் திரும்பும் வாசிப்பு: மைக்ரோவிநாடிக் கணக்கு. விநாடிக்கு 10 லட்சம் தடவை நேரம் கேட்கும் டேட்டாபேஸுக்கு ஒரு முழு கோர் இதற்கே போய்விடும். மொத்தக் கணினிக்கும் ஒரே எச்பெட் என்பதால் எல்லாக் கோர்களும் அதன் வாசலில் காத்துக்கிடக்கும். கோர் கூடினால் நிலைமை மோசமாகும்.

உறுதி செய்ய, நிரலின் சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸ் போதும். ஓடும் நிரலில் மாட்டிப் பாருங்கள்: விடிஎஸ்ஓ வழியாகப் போகும் அழைப்பு எஸ்ட்ரேஸில் தெரியவே தெரியாது. கிளாக்_கெட்டைம் வரிகள் மழையாகக் கொட்டினால் கிளாக்சோர்ஸ் கோப்பைப் பாருங்கள்.

வர்ச்சுவல் மெஷினில் கணக்கு வேறு. கேவிஎம் என்ற ஹைப்பர்வைசரில் ஓடும் விருந்தினர் மெஷினில் கேவிஎம்-கிளாக் 400 மதிப்பெண்ணோடு வரும். டிஎஸ்சி நம்பகமானது என்று தெரிந்தால் தானே 299-க்கு இறங்கி வழிவிடும். அதற்கும் விடிஎஸ்ஓ உண்டு, எனவே அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை; வேறு வேகமுள்ள ஹோஸ்டுக்கு மெஷின் இடம்பெயர்ந்தாலும் அது தாக்குப்பிடிக்கும். ஸென் என்ற இன்னொரு ஹைப்பர்வைசரின் பழைய மெஷின்களில் ஸென் கிளாக்சோர்ஸுக்கு விடிஎஸ்ஓ இல்லாததால் மேலே சொன்ன மந்தம் அப்படியே இருக்கும். அங்கே டிஎஸ்சிக்கு மாற்றுவது பலன் தரும், ஹோஸ்ட் நிலையான டிஎஸ்சியைக் கொடுக்கிறது என்று தெரிந்த பிறகு. விருந்தினருக்குள் வரும் வாட்ச்டாக் புகார்களைப் பொறுத்தவரை முதலில் ஸ்டீல் நேரத்தை, அதாவது சிபியு கிடைக்காமல் மெஷின் காத்திருந்த நேரத்தைப் பாருங்கள். இரண்டு வாசிப்புகளுக்கு நடுவில் ஹைப்பர்வைசர் அந்த விசிபியுவை (விருந்தினருக்குத் தெரியும் மெய்நிகர் சிபியுவை) இறக்கிவைத்திருந்தால் எந்தக் கடிகாரமும் பிசகியதாகத்தான் தெரியும். அப்போது மாற்ற வேண்டியது பூட் வரியை அல்ல, ஹோஸ்டில் அடைத்திருக்கும் மெஷின்களின் எண்ணிக்கையை.